இறங்குற லிஃப்ட்டுக்குப் பம்பு மேல பழி போடாதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னிக்குப் பேசப்போறது பழைய மினி டிராக்டரோட ஹைட்ராலிக் பத்தி. ஆயில் ஒழுகுது, லிஃப்ட் தூக்கல, தூக்கினா நிக்கல, இந்த மூணு புகாரும் எங்கிருந்து வருது, எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சொல்லப்போறேன்.

"நான் இருக்கிறது பெருங்குடியில ஒரு ஃப்ளாட்ல, எனக்கு எதுக்கு டிராக்டர்?"னு கேட்கிறவங்க ஒரு நிமிஷம் இருங்க. நான் கோயம்புத்தூர்ல ஹைட்ராலிக் ரிப்பேர் பட்டறை வெச்சிருக்கேன். பத்து வருஷத்துக்கு முன்னாடி எனக்குப் போன் பண்றது விவசாயி. இப்போ பாதி போன் அவரோட பையன்கிட்ட இருந்தோ பொண்ணுகிட்ட இருந்தோ வருது. சென்னையில, பெங்களூர்ல, சில சமயம் துபாய்ல இருந்து. கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "ஊர்ல வண்டி லிஃப்ட் நிக்க மாட்டேங்குதாம். மெக்கானிக் பம்பு போயிடுச்சுன்னு சொல்றாராம். அப்பா பணம் கேட்கிறார். அனுப்பலாமா?"

அனுப்புறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட அஞ்சு கேள்வி கேளுங்க. ஒரு ஸ்பேனர் கூடத் தொடாம, போன்லயே பாதி விடை கிடைச்சிடும். அந்த அஞ்சு கேள்விதான் இந்த எபிசோட்.

முதல்ல கை

கேள்விகளுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த எபிசோட்ல வேற எதுவும் ஞாபகம் இல்லைன்னாலும் இது இருக்கணும்.

ஒரு கார் டயர்ல காத்து சுமார் 32 பிஎஸ்ஐ, அதாவது 2 பாருக்குக் கொஞ்சம் மேல. ஒரு மினி டிராக்டர் ஹைட்ராலிக் முழு வேகத்துல தூக்கும்போது லைன்ல 150 பார் வரைக்கும் போகலாம். டயரைப் போல கிட்டத்தட்ட 70 மடங்கு. அந்த அழுத்தத்துல ஒரு ஹோஸ்ல ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தா, வெளிய வர்ற ஆயில் சொட்டாது. புகை மாதிரி, பனி மாதிரி தெரியும். நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க? என்ஜின் ஓடும்போதே எங்க ஒழுகுதுன்னு கையால தடவிப் பார்ப்பாங்க.

அந்த ஆயில் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும். மேல பார்த்தா முள்ளு குத்தின மாதிரி ஒரு புள்ளி. முதல்ல பெருசா வலிக்கவும் செய்யாது. "ஒண்ணுமில்ல"ன்னு கழுவிட்டு வேலையைப் பார்ப்பாங்க. சில மணி நேரத்துல விரல் வீங்கும், உள்ள இருக்கிற சதை சாக ஆரம்பிக்கும். அதுக்கு உடனடியா அறுவை சிகிச்சை வேணும். தாமதம் ஆக ஆக விரலையோ கையையோ எடுக்க வேண்டிய அபாயம் கூடிக்கிட்டே போகும். அப்படி நடந்தா காலையில பார்த்துக்கலாம்னு இருக்கக்கூடாது. நேரா பெரிய ஆஸ்பத்திரி. "முள்ளு குத்துச்சு"ன்னு சொல்லாம, "அழுத்தத்துல இருந்த ஆயில் உள்ள போயிருக்கு"ன்னு டாக்டர்கிட்ட தெளிவாச் சொல்லணும்.

அதனால அப்பாகிட்ட முதல் வார்த்தை இதுவா இருக்கட்டும்: "அப்பா, கை வைக்காதீங்க. ஒரு அட்டையைத் தூரத்துல இருந்து காட்டிப் பாருங்க." ஓட்டை இருந்தா அட்டை நனையும், இல்லைன்னா கிழியும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருக்கணும்.

ரெண்டாவது, தூக்கி நிக்கிற ரொட்டவேட்டருக்கோ கலப்பைக்கோ கீழ தலையை விடக்கூடாது. ஹைட்ராலிக்ல பிரச்சனைன்னுதானே பார்க்கிறோம், அந்த ஹைட்ராலிக்கை நம்பியே கீழ படுத்தா எப்படி? மூணாவது, எந்தக் குழாயைக் கழட்டுறதா இருந்தாலும் முதல்ல கருவியைத் தரையில இறக்கணும், என்ஜினை ஆஃப் பண்ணணும், அப்புறம் லிஃப்ட் லிவரை மேலயும் கீழயும் சில தடவை ஆட்டி உள்ள மிச்சம் இருக்கிற அழுத்தத்தை விடணும். அதுக்கப்புறம்தான் ஸ்பேனர்.

ஆயில் போற வழி

இப்போ இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கலாம். ஊசி போடுற சிரிஞ்சு ரெண்டை, ஒண்ணு சின்னது ஒண்ணு பெருசு, ஒரு குழாயால இணைச்சுத் தண்ணி நிரப்புங்க. சின்னதை அமுக்கினா பெருசு மெதுவா எழும்பும், ஆனா அதிக பலத்தோட எழும்பும். பள்ளிக்கூடத்துல பாஸ்கல் விதின்னு படிச்சது இதுதான். டிராக்டர்ல லிஃப்ட் சிலிண்டர் பிஸ்டன் 75 மில்லிமீட்டர் விட்டம்னு வைங்க. பரப்பு சுமார் 44 சதுர சென்டிமீட்டர். 100 பார் அழுத்தம் கொடுத்தா அந்த பிஸ்டன் தள்ளுற விசை சுமார் நாலரை டன் எடைக்குச் சமம். நெம்புகோல் கணக்குல கை நுனிக்கு வரும்போது அது நிறைய குறையும், ஆனாலும் கருவியைத் தூக்கப் போதும்.

டிராக்டருக்குப் பின்னாடி மூணு புள்ளியில கருவியை மாட்டி ஹைட்ராலிக்கால தூக்கி இறக்குற இந்த அமைப்பைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். 1939-ல ஹென்றி ஃபோர்டோட சேர்ந்து அவர் கொண்டுவந்த ஃபோர்டு 9என் டிராக்டர்தான் இதைப் பெரிய அளவுல வயலுக்குக் கொண்டுபோச்சு. இன்னிக்கு உங்க தோப்புல நிக்கிற 18, 20 குதிரைத்திறன் மினி டிராக்டர்லயும் அடிப்படை அதேதான்.

ஆயில் எங்க இருக்கு? பெரும்பாலான சின்ன வண்டிகள்ல தனி டேங்க் கிடையாது. கியர்பாக்ஸ்ல இருக்கிற அதே ஆயில்தான். அது ஒரு சல்லடை வழியா, உறிஞ்சு குழாய் வழியா பம்புக்குப் போகுது. பம்பு அதை கன்ட்ரோல் வால்வுக்குத் தள்ளுது. வழியில ஒரு ரிலீஃப் வால்வு இருக்கு. அழுத்தம் எல்லை மீறினா அது திறந்து ஆயிலைத் திருப்பி விட்டுடும், பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி. கன்ட்ரோல் வால்வு நாம லிவரைத் தூக்கினா ஆயிலை சிலிண்டருக்கு அனுப்பும். பிஸ்டன் நகரும், கை எழும்பும்.

இறக்கும்போது? பம்புக்கு அங்க வேலையே இல்ல. கருவியோட எடையே பிஸ்டனைத் தள்ளி ஆயிலைத் திருப்பி அனுப்புது. தூக்கின நிலையில நிறுத்தி வைக்கிறதும் பம்பு இல்ல. வால்வுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன செக் வால்வும், பிஸ்டன்ல இருக்கிற ரப்பர் வளையமும் ஆயிலை உள்ள பூட்டி வெச்சிருக்கு.

பம்பு தூக்க மட்டும்தான். பிடிச்சு வைக்கிறது வால்வும் சீலும். இதை மனசுல வெச்சுக்கிட்டு கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி 1: தூக்கலையா, நிக்கலையா?

ஊர்ல ரெண்டையும் ஒரே மாதிரி "ஹைட்ராலிக் போயிடுச்சு"ன்னுதான் சொல்வாங்க. ரெண்டும் வேற வேற.

தூக்கவே இல்ல, இல்ல ரொம்ப மெதுவாத் தூக்குதுன்னா சந்தேகப் பட்டியல்: ஆயில் குறைவு, சல்லடை அடைப்பு, உறிஞ்சு குழாய்ல காத்து, பம்பு தேய்மானம், ரிலீஃப் வால்வு. பெரிய கசிவா இருந்தா பிஸ்டன் சீலும் இதுல சேரும்.

நல்லாத் தூக்குது, ஆனா என்ஜினை ஆஃப் பண்ணினா இறங்குதுன்னா பட்டியல்ல பம்பு கிடையாது. என்ஜின் நின்னப்புறம் பம்பு தூங்குது. அது புதுசா இருந்தாலும் பழசா இருந்தாலும் ஒரே தூக்கம்தான். புது பம்பு போட்டா நல்லாத் தூக்கும், அதே மாதிரி இறங்கும்.

இடையில ஒரு மூணாவது புகார் உண்டு. என்ஜின் ஓடும்போது, தூக்கின கை ஒரு விரல் அளவு இறங்கி, சட்டுனு எழும்பி, மறுபடி இறங்கி எழும்பும். விக்கல் மாதிரி. உள்ள எங்கயோ ஆயில் கசியுது, கை இறங்குது, கன்ட்ரோல் வால்வு அதைக் கவனிச்சு மறுபடி தூக்கி விடுதுன்னு அர்த்தம். ரெண்டு விக்கலுக்கு நடுவுல எத்தனை நொடின்னு எண்ணச் சொல்லுங்க. 30 நொடிக்கு ஒண்ணுன்னா சின்னக் கசிவு. 2 நொடிக்கு ஒண்ணுன்னா பெரிய கசிவு.

பழைய வண்டியில கொஞ்சம் இறக்கம் இயல்புதான். ராத்திரி தூக்கி நிறுத்தி, காலையில தரையைத் தொட்டிருந்தா, அது வயசு. அஞ்சு நிமிஷத்துல தரையைத் தொட்டா அது நோய். எப்படியும் வண்டியை நிறுத்தும்போது கருவியை இறக்கி வைக்கிறதுதான் சரியான பழக்கம்.

கேள்வி 2: ஆயில் எவ்வளவு, என்ன நிறம்?

சமதரையில நிறுத்தி, கருவியை இறக்கி, என்ஜினை ஆஃப் பண்ணி டிப் ஸ்டிக் பார்க்கணும். தூக்கின நிலையில பார்த்தா கொஞ்சம் ஆயில் சிலிண்டர்ல இருக்கும், குறைச்சலாத் தெரியும். அளவு சரியான எல்லைக்குக் கீழ இருந்தா, மேட்டுல ஏறும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்பு காத்தை உறிஞ்சும். சரிவுல மட்டும் லிஃப்ட் தூக்கலைன்னு சொன்னா முதல்ல இதைப் பாருங்க.

கையோட என்ஜின் ஆயில் டிப் ஸ்டிக்கையும் பார்க்கச் சொல்லுங்க. சில வண்டிகள்ல பம்பு என்ஜின் கியரோட நேரா மாட்டியிருக்கும். பம்பு தண்டுல இருக்கிற சீல் போனா ஹைட்ராலிக் ஆயில் என்ஜினுக்குள்ள போயிடும். வெளிய ஒரு சொட்டு கூட ஒழுகாது. ஆனா ஒரு பக்கம் குறையும், இன்னொரு பக்கம் ஏறும். என்ஜின் ஆயில் ஏறியிருந்தா வண்டியை ஓட்டாம நிறுத்தணும். டீசல் கலந்தாலும் இப்படி ஏறும், அதனால ஆயிலை மோந்து பார்க்கச் சொல்லுங்க.

அடுத்தது நிறம். ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தா தண்ணியோ காத்தோ கலந்திருக்கு. எதுன்னு தெரிய, கொஞ்சத்தை ஒரு கண்ணாடி பாட்டில்ல எடுத்து ஓரமா வைக்கச் சொல்லுங்க. காத்துன்னா நேரம் ஆக ஆகத் தெளியும். தண்ணின்னா வெள்ளையாவே இருக்கும். இன்னொரு சோதனை: இனிமே சமையலுக்கு வேண்டாத ஒரு பழைய கல்லைச் சூடாக்கி, தள்ளி நின்னு ரெண்டு சொட்டு விடுங்க. படபடன்னு வெடிச்சா தண்ணி. மழையில நின்ன வண்டியில கியர் லிவர் ரப்பர் கிழிஞ்சிருந்தா அது வழியா இறங்கியிருக்கும். அந்த ரப்பரை மாத்தாம ஆயிலை மட்டும் மாத்தினா அடுத்த மழைக்கு மறுபடி இதே கதை.

மேல ஊத்துறதுக்கு வீட்டுல இருக்கிற ஏதோ ஒரு ஆயிலை எடுக்கக்கூடாது. கியர், பிரேக், ஹைட்ராலிக் மூணுக்கும் பொதுவான ஆயில் சில வண்டிகளுக்கு, வேற கெட்டி ஆயில் வேற வண்டிகளுக்கு. வண்டிக் கையேட்டுல இருக்கிறதுதான் பதில்.

கேள்வி 3: காலையிலயா, மதியமா? என்ன சத்தம்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. காலையில நல்லாத் தூக்குது, ரெண்டு மணி நேரம் ஓட்டி வண்டி சூடானா தூக்க மாட்டேங்குதுன்னா, அது உள்தேய்மானம். ஆயில் சூடானா நீர்த்துப் போகும். தேய்ஞ்ச பம்பு கியர் இடுக்குலயோ, சரியா மூடாத ரிலீஃப் வால்வுலயோ அது நழுவிப் போயிடும். ஆக்சிலரேட்டர் கூட்டினா தூக்குது, குறைச்சா தூக்கலைன்னா பம்பு மேல சந்தேகம் இன்னும் கூடும்.

இதுக்கு நேர் எதிர்: காலையில முனகிக்கிட்டே மெதுவாத் தூக்குது, சூடான பிறகு சரியாகுதுன்னா, உறிஞ்சுற பக்கம் அடைப்பு. கெட்டியான ஆயில் அழுக்குச் சல்லடை வழியா வரத் திணறுது. சல்லடையைக் கழட்டிக் கழுவினா முடிஞ்சிடலாம். பழைய வண்டியில முதல்ல பார்க்க வேண்டியது இதுதான், ஆனா யாரும் பார்க்கிறதில்ல. கியர்பாக்ஸ் அடியில சேத்தோட கிடக்கும்.

சத்தத்துல ரெண்டு வகை. தூக்கும்போதெல்லாம் பம்புல சரளைக்கல் உருட்டுற மாதிரி, இல்ல விசில் மாதிரி கேட்டா பம்பு பட்டினி கிடக்குது. உறிஞ்சு குழாய் இணைப்புல ஓ-ரிங் போயிருந்தாலும் இதே சத்தம் வரும். இந்தக் கசிவு விசித்திரமானது. ஆயில் வெளிய வராது, காத்து உள்ள போகும். தரையில ஒரு சொட்டு இருக்காது, ஆனா ஆயில் நுரைக்கும்.

கை முழுசா மேல போன பிறகு மட்டும் ஊளை மாதிரி சத்தம் வந்தா, ரிலீஃப் வால்வு திறக்குது. கை மேல முட்டி நிக்குது, ஆனா கன்ட்ரோல் வால்வு இன்னும் ஆயிலை அனுப்பிக்கிட்டே இருக்கு. லிவரைக் கொஞ்சம் கீழ இறக்கினா சத்தம் நிக்கும். பல நேரம் அது வெறும் கம்பி அட்ஜஸ்ட்மென்ட். ரிலீஃப் வால்வைக் கழட்டவே வேண்டாம்.

கேள்வி 4: அந்தக் குமிழை மூடினா நிக்குதா?

நிறைய மினி டிராக்டர்ல, குறிப்பா ஜப்பான் வடிவமைப்புல வந்த வண்டிகள்ல, டிரைவர் சீட்டுக்கு முன்னாடி கீழ ஒரு சின்ன குமிழ் இருக்கும். எவ்வளவு வேகமா இறங்கணும்னு அதைத் திருகி வைக்கலாம். முழுசா மூடினா, சிலிண்டருக்கும் கன்ட்ரோல் வால்வுக்கும் நடுவுல ஒரு கதவைச் சாத்தின மாதிரி. கோட்ல பக் எங்கன்னு தெரியாதப்போ பாதியா வெட்டிப் பார்ப்பீங்களே, அதே வேலையை இந்தக் குமிழ் செய்யும்.

சோதனை இப்படி. கலப்பையை மாட்டி, பாதி உயரம் தூக்கி, என்ஜினை ஆஃப் பண்ணணும். ஆளுங்க தள்ளி நிக்கணும். தரையிலிருந்து எவ்வளவு உயரம்னு அளந்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி அளக்கணும். அடுத்து, குமிழ் திறந்திருக்கும்போதே மறுபடி அதே உயரத்துக்குத் தூக்கி, இந்தத் தடவை குமிழை முழுசா மூடி, என்ஜினை ஆஃப் பண்ணி, 15 நிமிஷம் அளக்கணும். மூடியிருக்கும்போது லிவரைத் தொடக்கூடாது. மறுபடி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி குமிழைத் திறந்துடணும்.

மூடினதும் இறக்கம் நின்னுட்டா, சிலிண்டர் நல்லா இருக்கு, கன்ட்ரோல் வால்வுல கசிவு. மூடியும் அதே அளவு இறங்கினா, வால்வு மேல தப்பு இல்ல. சிலிண்டருக்குள்ள பிஸ்டன் ஓ-ரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். குமிழே சரியா மூடாம இருக்கிறது ரெண்டாவது சந்தேகம்.

உடுமலைப் பக்கத்துல இருந்து ஒருத்தர் கூப்பிட்டார். தென்னந்தோப்புக்கு வாங்கின வண்டி, கூடவே ரெண்டு ஏக்கர் மானாவாரி நிலக்கடலை. "ஏனுங்க தம்பி, புதுப் பம்பு போட்டாச்சுங்க, வால்வையும் கழட்டி மாட்டியாச்சுங்க, அப்பவும் பொத்துனு இறங்குதுங்களே"ன்னார். மழை பெஞ்சு ஆறு நாள் ஆகியிருந்தது. மானாவாரியில ஈரம் காயறதுக்குள்ள உழவு ஓட்டி விதைக்கணும். அந்த ஆறு நாளும் வண்டி பட்டறையில. "அண்ணா, சீட்டுக்கு முன்னாடி ஒரு குமிழ் இருக்குதுங்களா?"ன்னு கேட்டேன். "இருக்குதுங்க, அது எதுக்குன்னே தெரியாதுங்க"ன்னார். போன்லயே அளக்கச் சொன்னேன். திறந்தும் மூடியும் ஒரே இறக்கம். சிலிண்டரைத் திறந்தா பிஸ்டன் ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகி, அதுக்குத் துணையா இருக்கிற பேக்கப் ரிங் அறுந்து கிடந்தது. ரெண்டு வளையமும் சேர்ந்து உள்ளங்கையில ஒரு மூலைக்கு வராது. சாயங்காலமே வண்டி வயலுக்குப் போச்சு. பம்புக்குக் கொடுத்த பணம் திரும்பல, ஆறு நாள் ஈரமும் திரும்பல.

கேள்வி 5: ஈரம் எங்க தொடங்குது?

வெளிக்கசிவு இருந்தா, சொட்டுற இடத்தைப் பார்த்து முடிவு பண்ணக்கூடாது. ஆயில் மேல எங்கயோ வெளிய வந்து, இரும்பு மேல வழிஞ்சு, ஒரு போல்ட்டு முனையில சொட்டும். அந்தப் போல்ட்டுக்குக் கீழ இருக்கிற கேஸ்கெட்டை மாத்தி ஒரு பயனும் இல்ல.

முதல்ல முழுசாத் துடைக்கணும். நம்ம ஊர் பட்டறையில பனியன் வேஸ்ட்டும் டீசலும். காய்ஞ்சதும் சந்தேகமான இடத்துல டால்கம் பவுடரைத் தூவி, அஞ்சு நிமிஷம் வண்டியை ஓட்டி, லிஃப்ட்டைத் தூக்கி இறக்கி, என்ஜினை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க. பவுடர்ல ஈரக்கோடு எந்த உயரத்துல ஆரம்பிக்குதோ அங்கதான் கசிவு. அப்பாவை அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. சொட்டுற இடம் இல்ல, கோடு ஆரம்பிக்கிற இடம்.

வால்வுக்குள்ள வாஷர்

அஞ்சு கேள்வி முடிஞ்சது. இனி பட்டறையில கவனிக்க வேண்டியது.

லிஃப்ட் தூக்கலைன்னா சில பேர் ஒரு குறுக்கு வழி செய்வாங்க. ரிலீஃப் வால்வைத் திறந்து ஸ்பிரிங்குக்குப் பின்னாடி ஒரு வாஷர் போடுவாங்க. ஸ்பிரிங் இறுகும், வால்வு திறக்கிற அழுத்தம் கூடும், லிஃப்ட் பிரமாதமாத் தூக்கும். கொஞ்ச நாளைக்கு. அப்புறம் ஹோஸ் வெடிக்கும், இல்ல பம்பு தண்டு முறியும், இல்ல சிலிண்டர் மூடி விரிசல் விடும். குக்கர் வெயிட் மேல கல்லு வெச்சா சாதம் சீக்கிரம் வேகும்தான். யாராவது வைப்போமா?

அழுத்தத்தைக் கூட்டணுமான்னு முடிவு பண்ண கேஜ் வேணும். 250 பார் வரைக்கும் காட்டுற கேஜை லைன்ல மாட்டி, கையை முழுசா மேல தூக்கி ரிலீஃப் திறக்கும்போது எவ்வளவுன்னு படிக்கணும். வண்டிக்கு வண்டி எண் மாறும், கையேட்டுல இருக்கும். கேஜ்ல சரியான எண் வந்தா ரிலீஃப் வால்வுல குறையில்ல, அழுத்தம் உண்டாக்கப் பம்பாலயும் முடியுது. தூக்குறது மெதுவா இருந்தா பிரச்சனை அளவுல, அதாவது ஆயில் போதுமான அளவு வரல. மெக்கானிக்கிட்ட மரியாதையாக் கேளுங்க: "அண்ணே, கேஜ்ல எவ்வளவு காட்டுச்சு? ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?" கேஜே மாட்டலைன்னா பம்பு போச்சுங்கிறது யூகம்தான்.

கன்ட்ரோல் வால்வுக்குள்ள இருக்கிற ஸ்பூல் பத்தி ஒரு வார்த்தை. ஒரு தண்டு ஒரு துளைக்குள்ள நகருது. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். அதனால ஸ்பூலை எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கக்கூடாது. பளபளப்பா ஆகும், கசிவும் நிரந்தரமாகும். செக் வால்வு உட்காரும் இடத்துல ஒரு தூசி ஒட்டியிருந்தாலே லிஃப்ட் இறங்கும். பல வால்வு வெறும் கழுவல்லயே சரியாகியிருக்கு. அதே காரணத்துக்காகத்தான் ஹைட்ராலிக் இணைப்புல டெஃப்லான் டேப் சுத்தக்கூடாதுன்னு சொல்றோம். தண்ணிக் குழாய்க்கு அது சரி. இங்க அதோட ஒரு நூல் பிஞ்சு உள்ள போய் வால்வுல சிக்கும்.

கிட்டத்தட்ட ஒரே அளவு

கடைசியா உதிரிப் பாகம். ஓ-ரிங் வாங்கும்போது கடைக்காரர் கண்ணால பார்த்து "இதுதான் சார்"னு கொடுப்பார். ஜப்பான் வரிசையில ஒரு ஓ-ரிங் தடிமன் 2.4 மில்லிமீட்டர், இஞ்ச் வரிசையில அதுக்குப் பக்கத்து அளவு 2.62. வித்தியாசம் கால் மில்லிமீட்டர் கூட இல்ல. ஆனா தடிமனான வளையத்தைப் பள்ளத்துல திணிச்சா பிஸ்டனை உள்ள தள்ளும்போதே விளிம்புல அறுபடும். வெர்னியர்ல அளந்து வாங்கணும். பேக்கப் ரிங் இருந்தா, அது அழுத்தம் வர்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்காரணும். மாத்திப் போட்டா இல்லாததுக்குச் சமம்.

குழாய் இணைப்பும் அப்படித்தான். ஜப்பான் வகையில கூம்பு 30 டிகிரி, அமெரிக்க ஜேஐசி வகையில 37 டிகிரி. மரை ஒத்துப்போற மாதிரி ஏறினாலும் கூம்பு ஒண்ணோட ஒண்ணு சரியா உட்காராது. இறுக்க இறுக்க ஒழுகும், கடைசியில நட்டு வெடிக்கும். புது ஹோஸ் போட்ட நாள்லருந்து ஒழுகுதுன்னா முதல்ல கூம்பைப் பாருங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி மெக்கானிக்குகள் பக்கமும் நின்னு ஒண்ணு சொல்லணும். ஊர் மெக்கானிக் ஏமாத்துறார்னு நான் சொல்லல. பாகத்தை மாத்தினா அவருக்குக் கூலி உண்டு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து அளந்து, "ஓ-ரிங் மட்டும்தாங்க"ன்னு சொன்னா, "இதுக்கா காசு?"ன்னு நாம கேட்போம். உங்க ஆபீஸ்ல ஒரு பிரச்சனையை ரெண்டு நாள் தேடி ஒரே ஒரு வரியை மாத்துறவருக்கு முழுச் சம்பளம் கொடுக்கிறாங்க இல்லையா? அதே நியாயம் இங்கயும் இருக்கட்டும். அடுத்த தடவை அப்பா போன் பண்ணினா இப்படிச் சொல்லுங்க: "அப்பா, கை வைக்காதீங்க. முதல்ல அளந்து பார்க்கச் சொல்லுங்க. கண்டுபிடிக்கிறதுக்கு என்ன கூலியோ அதை நான் அனுப்புறேன். பம்பைப் பத்தி அப்புறம் பேசலாம்."

உங்க ஊர் வண்டியில என்ன பிரச்சனை, குமிழ் சோதனையில எத்தனை சென்டிமீட்டர் இறங்குச்சுன்னு எழுதி அனுப்புங்க. முடிஞ்சதுக்கு அடுத்த எபிசோட்ல பதில் சொல்றேன்.